கறைபட்ட கைகளை யார் விசாரிப்பது?

பிறரைக் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது, கிறிஸ்தவம் பற்றி வேறெதுவும் அறியாதவருக்கும் தெரிந்திருக்கும். மத்தேயு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரம் இந்த அறிவுரையோடுதான் தொடங்குகிறது. அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தைப் புரட்டினால் ஒரு விசாரணை முறையே வகுக்கப்பட்டிருக்கிறது. தவறு செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஓரிரு சாட்சிகளோடு போக வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் சபையிடம் சொல்ல வேண்டும். சபைக்கும் அடங்காதவனை அந்நியனாக எண்ணிக்கொள்ளலாம். பவுல் இன்னும் கறார். கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனின் மனைவியோடு வாழ்கிறான் என்று கேள்விப்பட்டதும், அவனை விலக்கும்படி எழுதுகிறார். அப்படிப்பட்டவனோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது என்கிறார். வெளியாட்களை விசாரிப்பது தன் வேலையில்லை, உள்ளே இருப்பவர்களை விசாரிப்பது சபையின் வேலை என்பது அவர் வாதம்.

பிரசங்கிகள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம் ஒன்று உண்டு. பாவத்தைக் கண்டிக்கலாம், பாவியைத் தீர்ப்பிடக் கூடாது என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாவம் தனியாக நடமாடுவதில்லை. யாரோ ஒருவருடைய பெயரோடுதான் சபைக்குள் வருகிறது. அந்த ஆளை உள்ளே வைப்பதா, வெளியே அனுப்புவதா, அதை முடிவு செய்வது யார் என்று கேட்டவுடன் சமாதானம் கலைந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை நெடுங்காலம், மிகுந்த கசப்போடு, ஏராளமான எழுத்து ஆதாரங்களை மிச்சம் வைத்து விவாதித்த இடம் ரோமானிய வட ஆப்பிரிக்கா. இன்றைய துனிசியாவும் அல்ஜீரியாவின் கிழக்குப் பகுதியும் அது. கி.பி. 250 முதல் 420கள் வரை நீண்ட அந்த வழக்கைப் பின்தொடர்ந்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தீர்ப்பிடாமை அங்கே வெறும் கருணையாக இருந்த காலமே இல்லை. தீர்ப்பிடும் உரிமை யார் கைக்குப் போவது என்ற சண்டையில் அது ஒரு கட்சியாகவே நின்றது.

249-ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டிப் பேரரசர் டெசியஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். குடிகள் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு, படைத்ததை உண்டு, அதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் பெற வேண்டும். எகிப்தின் வறண்ட மண்ணிலிருந்து இப்படிப்பட்ட சான்றிதழ்கள் நாற்பதுக்கும் மேல் பப்பைரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலானவை 250-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் சான்றிதழ் வாங்கியிருக்கிறாள். ஆணை கிறிஸ்தவர்களை மட்டும் குறிவைத்ததல்ல என்பதற்கு அவள் ஒருத்தியே சாட்சி. ஆனாலும் அதில் வசமாக மாட்டிக்கொண்டவர்கள் கிறிஸ்தவர்களே.

கார்த்தேஜ் நகரில் நடந்ததை அதன் பிஷப் சிப்ரியான் வெட்கத்தோடு எழுதிவைத்திருக்கிறார். யாரும் பிடித்து இழுக்கும் முன்பே சபையார் கூட்டங்கூட்டமாகப் பலிபீடத்துக்கு ஓடினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னால், இன்றைக்கே முடித்துவிடுங்கள் என்று கெஞ்சினார்கள். கைக்குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். வேறு சிலர் பலியிடாமலே, பணம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் மறுத்துச் சிறைக்குப் போனார்கள். சிப்ரியான் ஊரைவிட்டுப் போய் ஒளிந்துகொண்டார். மேய்ப்பன் பிடிபட்டால் மந்தை சிதறும் என்பது அவர் தரப்பு நியாயம். அவரைப் பிஷப்பாக்கியதையே விரும்பாத மூப்பர்கள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

நெருக்கடி தளரத் தொடங்கியதும் விழுந்தவர்கள் திரும்பி வந்தார்கள். சபையின் பழைய வழக்கப்படி விக்கிரக வழிபாடு, கொலை, விபசாரம் மூன்றும் மன்னிப்பு எளிதில் கிட்டாத பாவங்கள். ஞானஸ்நானத்துக்குப் பிறகு மனந்திரும்ப ஒரே ஒரு வாய்ப்புத்தான் என்று 2-ஆம் நூற்றாண்டிலேயே ரோமாபுரியில் பேசப்பட்டது. கார்த்தேஜின் தெர்த்துல்லியன் தம் கடைசிக் காலத்தில், விபசாரத்தை மன்னிப்பதாக அறிவித்த ஒரு பிஷப்பைக் கேலி செய்து ஒரு நூலே எழுதினார். இப்போதோ பாவிகள் ஒருவர் இருவராக வரவில்லை. சபையில் பெரும்பகுதியே வாசலில் நின்றது.

அவர்களில் பலர் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். சிறையில் இருந்தவர்களுக்கு, விசுவாசத்துக்காகத் துன்பப்பட்டவர்கள் என்பதால், தனி மதிப்பு இருந்தது. விழுந்தவர்கள் அவர்களிடம் போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்கினார்கள். இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சபையில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கடிதம் சொல்லும். ‘சேர்ந்தவர்கள்’ எத்தனை பேர் என்று கணக்கில்லை. பவுலுஸ் என்பவர் இறக்கும் முன் கொடுத்த அனுமதியைக் காட்டி, லூசியானுஸ் என்ற சிறைவாசி அவர் பெயரிலேயே கேட்டவர்களுக்கெல்லாம் கடிதம் கொடுத்தார். மறைவிடத்திலிருந்து இதைக் கேள்விப்பட்ட சிப்ரியான் பதறியதில் வியப்பில்லை. ஓடி ஒளிந்த பிஷப்பைவிடச் சிறையிலிருந்த சாதாரண விசுவாசிக்கு மன்னிக்கும் தகுதி கூடுதல் என்று ஜனங்கள் நினைத்தால் பிஷப் எதற்கு?

251-இல் அவர் திரும்பி வந்து ஆப்பிரிக்க பிஷப்புகளின் சங்கத்தைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை, அவரவர் கதையை விசாரித்துத் தவத்துக்குப் பின் சேர்த்துக்கொள்ளலாம். பலியிட்டவர்கள் வாழ்நாள் முழுக்கத் தவத்தில் இருந்து மரணப்படுக்கையில் மட்டும் ஐக்கியம் பெறலாம் என்று முடிவானது. அக்காலத்தில் சிப்ரியான் எழுதிய கடிதம் ஒன்று, பாவத்தை எடைபோடும் கலையில் இன்றும் படிக்கத்தக்கது. தன் மனைவி மக்களையும் குடியானவர்களையும் காப்பாற்றத் தான் ஒருவன் போய்ப் பலியிட்டவனும், ஊரையே இழுத்துக்கொண்டு போனவனும் ஒன்றா என்று கேட்கிறார். சித்திரவதையில் உடல் தோற்றவனை எதில் சேர்ப்பது? ஓரிரு ஆண்டுக்குள் புதிய துன்புறுத்தல் வரும் என்ற அச்சம் எழுந்தபோது, தவத்தில் இருந்த எல்லோரையும் உடனே சேர்த்துக்கொண்டார். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தச் சொல்லப்போகிறவர்களுக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தை மறுக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம்.

ரோமாபுரியில் நொவாத்தியன் என்ற மூப்பர் எதிர்த்திசையில் போனார். விக்கிரகத்துக்குப் பலியிட்டவனைக் கடவுள் மன்னிக்கலாம், சபைக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லித் தனிச்சபை கண்டார். அவருக்குத் துணையாக நின்றவர்களில் கார்த்தேஜ் மூப்பர் நொவாத்துஸும் ஒருவர். இந்த நொவாத்துஸ் கார்த்தேஜில் விழுந்தவர்களை உடனே சேர்க்கச் சொன்ன கட்சிக்காரர். கப்பலேறி ரோமாபுரி போனதும் அறவே சேர்க்கக் கூடாது என்ற கட்சிக்குப் போய்விட்டார். இரண்டு ஊரிலும் அவருக்கு மாறாதிருந்தது சிப்ரியான் மீதான பகை மட்டுமே. சிறைவாசிகளின் தாராளத்தையும் நொவாத்தியனின் கடுமையையும் ஒருசேரத் தள்ளிவிட்டு, ஆளுக்கு ஆள் விசாரித்து முடிவு சொல்லும் உரிமையை சிப்ரியான் பிஷப்பின் நாற்காலியில் வைத்தார். அவர் செய்தது இரக்கமான காரியம்தான். கூடவே அது அதிகாரத்தைக் குவித்த காரியமும்கூட. 258 செப்டம்பரில் அவரே வாளுக்குத் தலை கொடுத்ததால், ஒளிந்துகொண்டவர் என்ற பேச்சும் அடங்கியது.

அந்த நாற்காலியில் இருப்பவரே விழுந்தவர் என்றால் என்ன செய்வது? ஐம்பது ஆண்டுக்குப் பின் அந்தக் கேள்வி வந்தது.

303-இல் டயோக்ளீஷியன் வேதப் புத்தகங்களை ஒப்படைக்கச் சொல்லி ஆணையிட்டார். சிர்ட்டா நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்) அந்த ஆண்டு மே 19 அன்று நடந்த சோதனையின் அரசுக் குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஜப்தி நடவடிக்கை எழுதும் குமாஸ்தாவின் நடையில் அது ஓடுகிறது: பொன் கிண்ணம் 2, வெள்ளிக் கிண்ணம் 6, பெண்கள் அங்கி 82, பெண்கள் காலணி 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த துணிமணிகளாக இருக்க வேண்டும். பிஷப் உட்கார்ந்திருக்க, சபை ஊழியர்கள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார்கள். சில்வானுஸ் என்ற துணை டீக்கன் ஒரு ஜாடிக்குப் பின்னாலிருந்து வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் கண்டெடுத்துத் தருகிறார்.

இதே சில்வானுஸை சிர்ட்டாவின் பிஷப்பாக்க 305-ஐ ஒட்டி நுமீடிய மாகாண பிஷப்புகள் பன்னிருவர் போலக் கூடினார்கள். தலைமை வகித்த திகிசிஸ் ஊர் செகுண்டுஸ், அபிஷேகம் செய்யும் கைகள் சுத்தமா என்று முதலில் பார்த்துவிடலாம் என்றார். ஒவ்வொருவராக விசாரணை. ஒருவர் வேதத்துக்குப் பதிலாக மருத்துவ நூல்களைக் கொடுத்துச் சமாளித்ததாகச் சொன்னார். இன்னொருவர் நான்கு நற்செய்திகளைக் கொடுத்தது உண்மை, ஆனால் எழுத்து அழிந்த பிரதி என்றார். அடுத்து லிமாத்தா ஊர் புர்ப்பூரியுஸின் முறை. உன் சகோதரியின் பிள்ளைகள் இருவரைக் கொன்றாயாமே என்று கேட்டார் செகுண்டுஸ். ஆமாம் கொன்றேன், எனக்கு எதிராக நிற்பவனை இனியும் கொல்வேன் என்றார் புர்ப்பூரியுஸ். அதோடு நிறுத்தவில்லை. நகர அதிகாரிகள் உன்னையும் பிடித்து வைத்திருந்தார்களே, எதையும் கொடுக்காமல் உன்னை எப்படி விட்டார்கள் என்று திருப்பிக் கேட்டார். சபை உறைந்திருக்கும். செகுண்டுஸின் இளைய உறவினர் ஒருவர் காதோரம் சொன்னார்: இவர் பிரிந்து போகவும் தயார், மற்றவர்களும் கூடப் போவார்கள், நீங்கள் தனியாகி விடுவீர்கள், கடவுளுக்கு விட்டுவிடுங்கள். செகுண்டுஸ் விட்டுவிட்டார். எல்லோரும் உட்காருங்கள் என்றார்.

இந்தக் குறிப்பைப் பின்னாளில் வெளியிட்டது இவர்களுக்கு எதிரான கட்சி. போலி என்று மறுத்தவர்களும் உண்டு. உண்மையென்றே நான் எடுத்துக்கொள்கிறேன். எல்லோர் குற்றமும் வெளிவரும் நிலையில்தான் தீர்ப்பைக் கடவுளிடம் விடும் ஞானம் பிறக்கிறது என்பதை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் ஆவணத்தை ஆதிசபை வரலாற்றில் நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் சில ஆண்டுகளில் இதே செகுண்டுஸ், இதே புர்ப்பூரியுஸ், எழுபது பிஷப்புகளாகக் கார்த்தேஜில் கூடினார்கள். அங்கே புதிதாகப் பிஷப்பான செசிலியானுஸைத் தள்ளினார்கள். அவருக்கு அபிஷேகம் செய்த ஃபெலிக்ஸ் வேதத்தை ஒப்படைத்தவர் என்பது குற்றச்சாட்டு. பின்னணியில் லூசில்லா என்ற செல்வச் சீமாட்டியின் கோபமும் இருந்தது. நற்கருணை வாங்கும் முன் ஏதோ ஒரு மறைசாட்சியின் எலும்பை முத்தமிடும் பழக்கம் அவளுக்கு; டீக்கனாக இருந்தபோது செசிலியானுஸ் அதைக் கண்டித்திருந்தார். மாற்று பிஷப்பை நிறுத்த அவள் 400 பணமுடிப்பு செலவழித்தாள் என்று 320-இல் நடந்த அரசு விசாரணையில் சாட்சியம் வந்தது. அரசு விசாரணையில் ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று முடிவானது. அவருக்கு எதிராகக் காட்டிய கடிதத்தில் கைவேலை நடந்திருந்தது. ஆனால் அதற்குள் ஆப்பிரிக்கா இரண்டாகிவிட்டது. ஊருக்கு இரண்டு பிஷப், இரண்டு பீடம். எதிர்த்தரப்புக்கு அவர்களின் இரண்டாவது பிஷப் டொனாட்டுஸின் பெயரால் டொனாட்டியர் என்ற பெயர் நிலைத்தது.

டொனாட்டியரை வெறும் போலிகள் என்று ஒதுக்குவது நியாயமாகாது. முதல் தலைமுறைத் தலைவர்களின் யோக்கியதை எப்படியானாலும், அவர்கள் பின்னால் போன விவசாயிகளும் நகரத்தாரும் ஒரு நேர்மையான கேள்வி கேட்டார்கள். துன்புறுத்தியவனோடு ஒத்துப்போன கையிலிருந்து ஞானஸ்நானம் வாங்கினால் என்ன கிடைக்கும்? தன்னிடம் இல்லாத பரிசுத்தத்தை ஒருவர் எப்படிக் கொடுக்க முடியும்? பிரிந்துபோனவர் கொடுக்கும் ஞானஸ்நானம் செல்லாது என்று சிப்ரியான் 256-இல் ரோம பிஷப்போடு மோதியதையும் அவர்கள் துணைக்கு அழைத்தார்கள். செசிலியானுஸ் வழிவந்த கத்தோலிக்கத் தரப்பும் சிப்ரியானைத்தான் அழைத்தது: கருத்து வேறுபட்டாலும் பிரிந்து போகாதவர் அல்லவா அவர்.

395-ஐ ஒட்டி ஹிப்போ நகரின் பிஷப்பான அகுஸ்தீன் சொன்ன பதில் மேற்கத்திய கிறிஸ்தவத்தின் நிரந்தரச் சொத்தாகிவிட்டது. ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து, குருவானவர் வாய்க்கால். கல் வாய்க்காலில் எதுவும் முளைக்காது, ஆனால் அதன் வழியே பாயும் தண்ணீர் தோட்டத்துக்குப் போய்ச் சேரும். சபையில் கோதுமையும் களையும் கலந்தே வளரும். பிடுங்குவது அறுவடை நாளில் தேவதூதர்களின் வேலை. சபை இருபக்கம் கொண்ட உடல் என்ற எண்ணத்தை அகுஸ்தீனுக்கு முன்பே எழுதியவர் திக்கோனியுஸ் என்ற டொனாட்டிய அறிஞர். அதற்காக அவருடைய சொந்தக் கட்சியே அவரைக் கண்டித்தது. அகுஸ்தீன் அவர் நூலை மெச்சிப் பயன்படுத்திக்கொண்டார்.

விசுவாசிக்கு இந்தக் கொள்கை பெரிய விடுதலை. தனக்கு ஞானஸ்நானம் கொடுத்த குருவின் குலமுறை கிளறி, அவருக்கு அபிஷேகம் செய்தவர் யார், அவர் 303-இல் என்ன செய்தார் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் குருவின் பாவத்தால் சடங்கு கெடாது என்பது ஒன்று. பாவம் செய்த குருவைப் பதவியில் வைத்திருக்கலாம் என்பது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதைச் செய்வது எவ்வளவு சுலபம் என்பதை நம் காலத்திலும் பார்த்தோம். சிறுவர்களைச் சீரழித்த குருக்களைப் பங்கு விட்டுப் பங்கு மாற்றிக்கொண்டிருந்த கதை 2002-இல் பாஸ்டன் மறைமாவட்டத்தில் அம்பலமானது.

411 ஜூனில் பேரரசர் அனுப்பிய மார்செல்லினுஸ் முன்னிலையில் இரு தரப்பும் கார்த்தேஜில் ஒரு குளியல் மாளிகையில் சந்தித்தன. கத்தோலிக்க பிஷப்புகள் 286, டொனாட்டியர் 284. உட்காரச் சொன்னபோது டொனாட்டியர் மறுத்து நின்றார்கள். பாவிகளோடு அமர்வதில்லை என்பது வேதவாக்கு. மார்செல்லினுஸும் மரியாதைக்கு எழுந்து நின்றார். நிலம் எது என்பதிலும் தகராறு. களைகளின் உவமையில் நிலம் என்பது உலகம் என்று இயேசுவே விளக்கம் சொல்லியிருக்கிறார், சபை என்று சொல்லவில்லை என்றார்கள் டொனாட்டியர். சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டால் அவர்கள் பக்கமே பலம் என்று நினைக்கிறேன். உலகமெங்கும் பரவிய சபையைத்தான் உலகம் என்கிறார் என்பது அகுஸ்தீன் தரப்பு. தீர்ப்பு கத்தோலிக்கருக்குச் சாதகமாக வந்தது. அரசரின் ஆள் நடுவராக இருக்கையில் வேறு மாதிரி வந்திருக்க வழியில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியில் சட்டம் வந்தது. டொனாட்டியராக நீடிப்பவருக்கு அந்தஸ்துக்கு ஏற்ற அபராதம், உயர்குடியினருக்கு 50 ராத்தல் பொன். குத்தகைக் குடிகளுக்கு அடி. அகுஸ்தீன் ஆரம்பத்தில் பலவந்தத்தை எதிர்த்தவர். டொனாட்டியச் சார்புடைய கும்பல்கள் கத்தோலிக்க குருக்களை அடித்ததும், கண்ணில் சுண்ணாம்பும் காடியும் ஊற்றியதும் அவர் மனத்தை மாற்றியதில் பங்குண்டு. அரச சட்டத்துக்கு அஞ்சி என் சொந்த ஊரே கத்தோலிக்கமாகித் திருந்தியதைப் பார்த்தேன் என்று 408 வாக்கில் எழுதுகிறார். விருந்துக்கு வராதவர்களை வற்புறுத்தி அழைத்து வரச் சொல்லும் லூக்கா நற்செய்தி உவமையை இதற்கு ஆதாரமாக்கினார். களையைப் பிடுங்காதே என்றவர் பிரிந்து நின்றவர்களுக்குப் பிரம்பை ஓங்கினார். அவரைப் பொறுத்தவரை இதில் முரணில்லை: திருடனையும் விபசாரியையும் கடவுள் பார்த்துக்கொள்வார், அவர்களோடு சேர்ந்திருக்க மாட்டேன் என்று பிரிந்து போவதுதான் அன்பைக் கொல்லும் பாவம். தீர்ப்பிடாமை, தீர்ப்பிடுகிறவர்கள் மீதான தீர்ப்பாக மாறிய இடம் இதுவே.

அக்காலத்தை ஒட்டி எகிப்தின் ஸ்கேத்திஸ் பாலைவனத்தில் வேறொரு மரபு இருந்தது. தவறு செய்த துறவியை விசாரிக்கக் கூடியவர்களிடம், முன்பு கொள்ளைக்காரராக இருந்த மோசே என்ற துறவி, ஓட்டைக் கூடையில் மணலைச் சுமந்து வந்து, பின்னால் சிந்துவது என் பாவம், எனக்கே தெரியவில்லை என்றாராம். அழகான கதை. ஆனால் அந்தத் துறவிகளுக்குக் காக்க வேண்டிய பீடமோ சொத்தோ கிடையாது. ஒரு மாகாணத்தின் சபையை நடத்துகிறவருக்கு அந்தக் கூடை எவ்வளவு தூரம் உதவும் என்பது சந்தேகமே. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இயேசு விடுவித்த யோவான் நற்செய்திக் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் அது இல்லை. பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. அகுஸ்தீனோ, மனைவிமார் இதைக் கேட்டுத் துணிந்துவிடுவார்கள் என்று பயந்த ஆண்கள் சிலர் அதை வெட்டியெறிந்துவிட்டதாகச் சந்தேகித்தார். அவர் ஊகம் தவறாக இருக்கலாம். தம் சபை ஆண்களை அவர் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்.

ஹிப்போவிலிருந்து நாற்பது மைல் தொலைவில் ஃபுஸ்ஸாலா என்ற சிற்றூர். அந்த வட்டாரம் முழுக்க டொனாட்டியர். சட்டத்தின் பலத்தால் கத்தோலிக்கத்துக்கு வந்தவர்கள். அவர்களுக்குப் பியூனிக் மொழி தெரிந்த தனி பிஷப் தேவை என்று அகுஸ்தீன் முடிவு செய்தார். அபிஷேகம் செய்ய மூத்த பிஷப்பைத் தொலைவிலிருந்து வரவழைத்த பிறகு, தேர்ந்தெடுத்த குரு கடைசி நேரத்தில் மறுத்துவிட்டார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பச் சங்கடப்பட்டு, தம் மடத்தில் வளர்ந்த அந்தோனினுஸ் என்ற இளைஞனை நிறுத்தினார் அகுஸ்தீன். இருபது வயதைத் தாண்டிய பையன், வேதம் வாசிக்கும் பணிக்கு மேல் எதுவும் பார்த்ததில்லை.

பையன் ஊரைச் சூறையாடினான். பணம், ஆடுமாடு, விளைச்சல், மரம் எதையும் விடவில்லை. மக்களின் வீடுகளை இடித்துக் கல்லை எடுத்துத் தன் வீட்டைக் கட்டினான். ஊரார் முறையிட்டார்கள். பிஷப்புகளின் விசாரணையில் இன்னும் கடுமையான சில குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை. கொள்ளையடித்ததைத் திருப்பித் தர வேண்டும், ஃபுஸ்ஸாலாவை ஆளக் கூடாது, ஆனால் பிஷப் பட்டம் இருக்கட்டும் என்று முடிவானது. பையன் புத்திசாலி. நான் பிஷப் என்றால் என் ஊரைக் கொடுங்கள், இல்லையென்றால் பட்டத்தையே பிடுங்குங்கள் என்று ரோமாபுரிக்கு மேல்முறையீடு போனான். தண்டிக்காமல் தண்டித்த அந்தத் தீர்ப்பின் ஓட்டையை அவன்தான் சரியாகக் கண்டான்.

இந்த விவகாரத்தின் விவரங்கள் 1981-இல் அச்சான, அதுவரை அறியப்படாதிருந்த அகுஸ்தீன் கடிதங்களில் ஒன்றில் இருக்கின்றன. அந்தோனினுஸுக்கு வேறொரு பண்ணையைப் பீடமாக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அங்கிருந்த குத்தகைக் குடிகள் நிலச் சொந்தக்காரிக்கே எழுதினார்கள்: அவன் வந்தால் நாங்கள் நிலத்தை விட்டுப் போய்விடுவோம். எழுபது பிஷப்புகள் சேர்ந்து கேட்ட அதே கேள்வியை இந்த முறை உழவர்கள் கேட்டார்கள். இதில் லூசில்லாவின் பணமுடிப்பு இல்லை.

ரோமாபுரியின் தீர்ப்பை நிறைவேற்ற அதிகாரிகளும் படைவீரர்களும் வருகிறார்கள் என்ற மிரட்டல் ஃபுஸ்ஸாலாவில் பரவியது. முதிய அகுஸ்தீன், 422-இல் போப்பான செலஸ்தீனுக்கு மன்றாடி எழுதினார். இந்தச் சபை பாழாவதைப் பார்க்க நேர்ந்தால் பிஷப் பதவியையே விட்டுவிட எண்ணுவதாக அதில் சொல்கிறார். இந்த ஏழைகள் பிரிந்து நின்ற காலத்தில் கத்தோலிக்க அரசர்களின் சட்டங்களுக்கு அஞ்சியதைவிட, இப்போது கத்தோலிக்கரான பின் ஒரு கத்தோலிக்க பிஷப்புக்கு அதிகம் அஞ்சுகிறார்கள், இவர்களைக் காப்பாற்றுங்கள் என்பது அவர் விண்ணப்பம்.